குளிக்கும் இடமென்று நினைத்தோம்

சென்னையிலிருந்து நானும் கணவரும் முதுகுப்பையுடன் இலங்கையைச் சுற்றியபோது, வாகரைக்கு அருகே வாவிக்கரையில் நடந்தது இது. கரையெங்கும் காலடித் தடங்கள் இருந்தன. ஊரார் குளிக்கும் இடமென்று எண்ணி, கணவர் முழங்காலளவு நீரில் இறங்கி முகம் கழுவினார்.

கரையில் தோணியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த மீனவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, தண்ணியக் கலக்காம மெல்லப் பின்னால வாங்க. முதுகக் காட்டாதீங்க."

கணவருக்கு நான்கடி முன்னால் இரண்டு கண்கள் மட்டும் நீருக்கு மேலே தெரிந்தன. அவர் கரையேறியதும் அவை மூழ்கின.

"இது நாங்க மீன் வெட்டிக் கழுவுற இடம். குடல் தின்ன முதலை வரும். நாங்களே இறங்கமாட்டம், வாளியாலதான் அள்ளுவம்" என்றார் மீனவர். "உங்களப் பெரிய மீனெண்டு நினைச்சிருக்கும்."

கணவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

இப்போதெல்லாம் எந்த நீர்நிலையானாலும், இங்கே யாராவது இறங்குவார்களா என்று உள்ளூர்க்காரரிடம் முதலில் கேட்கிறோம். பதில் வரும்வரை கணவர் செருப்பைக் கழற்றுவதில்லை.