நான்கு கம்பிகளுக்கு நடுவே ஒரு தூசு

ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வாயைத் திறந்தால் சரம் வெடித்த மாதிரிதான். நடுவில் மூச்சு விடுகிறாளா என்பதே சந்தேகம். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவள், வருடா வருடம் அதே பாடத்தை ஒப்பித்து அலுத்துப்போய், கணினியில் மின்புலங்களை ஓட்டிப் பார்க்கும் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தாள். சேர்ந்த அன்று காலில் ஜோடி மாறிய செருப்பு. சாயங்காலம் வரை அவள் அதைக் கவனிக்கவேயில்லை.

கொடுத்த வேலை சொல்வதற்குச் சுலபம். நான்கு உலோகக் கம்பிகள், அவைதான் மின்முனைகள். நடுவே மின்னூட்டம் ஏறிய ஒரு தூசு. மின்னழுத்தம் மாறாமலே இருந்தால் தூசு ஏதாவது ஒரு பக்கமாக நழுவிவிடும். அது நழுவுவதற்குள் கூட்டலைக் கழித்தலாக்க வேண்டும், உடனே திரும்பவும் கூட்டலாக்க வேண்டும். நொடிக்கு ஐம்பது சுற்று இப்படி அலைக்கழித்தால், எந்தப் பக்கம் போவதென்று புரியாமல் தூசு நடுவிலேயே மிதக்கும். நிஜக் கம்பிகளை நடுவதற்கு முன் மென்பொருளில் இதைக் காட்டியாக வேண்டும்.

ஓட்டினாள். தூசு பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. எந்த எண்ணை மாற்றினாலும் மோதியது. இரண்டு வாரமாக இதே கூத்து.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டிவியில் ஒரு படம். உள்ளறையில் துணி தைத்துக்கொண்டிருந்த நாத்தனார், ஒவ்வொரு சட்டைக் கையாகத் தைத்து முடித்ததும் வந்து எட்டிப் பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார். நாலாவது தடவை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னடி இது? எப்ப வந்தாலும் அவ அதே சோப்பைத்தான் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறா! படத்தைத் தூக்கிட்டானா?"

"இல்ல அண்ணி, படம் ஓடிக்கிட்டுதான் இருக்கு. நீங்க வர்ற நேரம் பார்த்து விளம்பரம்..."

பட்டாசு பாதியில் நின்றுபோனாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவள் ஒரு பேச்சைப் பாதியில் விட்டதில்லை. நாத்தனார் பதறிப்போய், "தண்ணி வேணுமா?" என்றார்.

"மாறிக்கிட்டுதான் இருந்திருக்கு அண்ணி! இதுதான் தப்பான நேரத்துல பார்த்திருக்கு!"

அவ்வளவுதான் சங்கதி. நொடிக்கு ஐம்பது சுற்று மாறும் மின்னழுத்தத்தை மென்பொருளும் நொடிக்குச் சரியாக ஐம்பது முறைதான் பார்த்திருக்கிறது. பார்த்த போதெல்லாம் ஒரே அழுத்தம். மாறவே இல்லை என்று நினைத்துக்கொண்டது. நேர இடைவெளியை நூறில் ஒரு பங்காகக் குறைத்து ஓட்டினாள்.

திரையில் தூசு துள்ளியது. ஓரத்துக்கு ஓடியது, திரும்பியது, நடுவில் நின்று குட்டிக் குட்டியாக ஆடியது. சுவரில் மோதவில்லை!

பட்டாசு கத்திய கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நாத்தனாரின் இரண்டு கைகளையும் பிடித்துச் சுற்றினாள். "விடுடி, கழுத்துல டேப் தொங்குது!" என்றவர் என்ன ஏதென்று தெரியாமலே இரண்டு சுற்று கூடவே சுற்றினார்.

அடுத்த மாதம் நிஜக் கம்பிகள் வந்தன. ஒரு சிட்டிகை மாவைத் தூவி, பச்சை லேசரைக் காட்டினார்கள். மற்றதெல்லாம் விழுந்துவிட, ஒரே ஒரு துகள் அந்தரத்தில் மினுமினுத்தது. சிரித்தே யாரும் பார்த்திராத துறைத் தலைவர், "ஐயோ, நிக்குது! நிக்குதும்மா!" என்று குதித்தார். குதித்த வேகத்தில் பெரிதாக ஒரு தும்மல்.

துகள் போன இடம் தெரியவில்லை. முதலில் சிரித்தவள் பட்டாசுதான். பிறகு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பரவாயில்ல சார்," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "மாவு நிறைய இருக்கு."