பள்ளி வாசலில் தொங்கிய சித்தியின் முகம்

என் சித்தி படித்த விடுதிப் பள்ளி, வாசலில் ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தது. ‘எங்களால் உருவானவர்கள்’ என்று தலைப்பு. கோட்டு போட்ட ஒரு வங்கி அதிகாரி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு ஒரு தோல் டாக்டர், இருவருக்கும் நடுவே மஞ்சள் ஹெல்மெட்டோடு சித்தி. ‘துறைமுகத்தின் முதல் பெண் கிரேன் ஆபரேட்டர்’ என்று அவள் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். கிரேன் ஓட்டுவது நிஜம். தலைப்புதான் பச்சைப் பொய்.

சித்தியை அந்தப் பள்ளி பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது வெளியே அனுப்பிவிட்டது. அங்கே காய்ச்சல் என்று சொல்லும் பெண்களை ஓர் அறையில் விட்டு வெளியே பூட்டுவார்கள். நடிப்பவளாக இருந்தால் சலித்துப்போய்க் கதவைத் தட்டுவாள் என்பது வார்டனின் எண்ணம். ஒருநாள் உண்மையாகவே உடம்பு கொதித்த ஒருத்தியும் தட்டினாள். தட்டியதால் அவளும் நடிக்கிறாள் என்று முடிவாகிவிட்டது. அவள் சித்தியின் பக்கத்துக் கட்டில்காரி. ஒல்லியாக இருந்ததால் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள்.

சித்தி வார்டன் அறையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, ஊசியைத் தோளில் சாய்த்து வெளியே கூட்டிவந்தாள். விசாரணையில் ஊசி, “நான் ஒண்ணும் கேக்கல, அவளாத்தான் சாவியத் திருடினா” என்றாள். ஊசி தேர்வு எழுதினாள். சித்தி பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு தையல் கம்பெனியில் நூல் வெட்டினாள். தனித்தேர்வு எழுதினாள். கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். இன்று கிரேன் உச்சியில் அவள் வேலை செய்யும் கூண்டுக்குத் தரை கண்ணாடி. நாள் முழுக்கக் குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தபடி, கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி லாரியில் இறக்க வேண்டும். கழிப்பறைக்கு லிஃப்டில் இறங்கி ஏறும்வரை வேலை நின்றுவிடும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். கழுத்து வலி அவளை விட்டுப் போவதே இல்லை. இதில் எதை அந்தப் பள்ளி சொல்லிக்கொடுத்தது?

பேனரை முதலில் பார்த்தது சித்தப்பாதான். “டாக்டர் பக்கத்துல உன் மூஞ்சி. இனிமே எனக்குச் சொறி சிரங்கு வந்தா ஓசி வைத்தியம்” என்று சிரித்தார்.

சித்தி சிரிக்கவில்லை. “என் மூஞ்சியப் பாத்து ஒருத்தர் பொண்ணைக் கொண்டாந்து விட்டா, அந்தப் பூட்டை நானே போட்ட மாதிரி ஆயிடும். அது அங்க தொங்கக் கூடாது” என்றாள்.

பேனரில் இருந்த தோல் டாக்டர் வேறு யாருமில்லை, ஊசிதான். பழைய மாணவிகள் சங்கத்தின் செயலாளரும் அவளே. ரிசல்டுக்காக வீட்டில் சும்மா கிடந்த நானும் சித்தியோடு அவளுடைய கிளினிக்குக் கிளம்பினேன்.

“ஏய், வாடி! எத்தனை வருஷமாச்சு! பேனர் பாத்தியா?”

“பாத்தேன். என் படத்தை எடு.”

“என்னடி இப்படிச் சொல்ற? வார்டனம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் சண்டை போட்டு உன்னைச் சேர்த்தேன். நீ செஞ்சதுக்கு என்னால முடிஞ்ச கைம்மாறு.”

“கைம்மாறா? அன்னிக்கு நடந்ததை உங்க சங்கக் கூட்டத்துல மைக்கப் பிடிச்சுச் சொல்லு. அது கைம்மாறு.”

ஊசி ஒரு களிம்பு ட்யூபைத் திறந்து மூடினாள். “அப்ப நான் சின்னப் பொண்ணுடி.”

“நான் மட்டும் கெழவியா?”

“நல்லாத்தானே இருக்க? சொல்லப்போனா அந்தக் கண்டிப்புதான் நம்மளை இந்த அளவுக்கு...”

“நம்மளைன்னு சொல்லாத. உன்னைன்னு சொல்லு.”

“சரி, அட்மிஷன் முடியட்டும், எடுத்துடலாம்” என்றாள் ஊசி. பிறகு மணியை அழுத்தி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள். எனக்கு அந்த மேசையையே கவிழ்க்கலாம் போலிருந்தது. சித்தி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

அட்மிஷன் அன்று அவள் லீவு போட்டாள். நானும் கூடப் போனேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பேனருக்கு நேர்கீழே போய் நின்றாள். வாட்ச்மேன் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பள்ளியே ஏற்பாடு செய்திருக்கிறது என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

முதலில் வந்த அம்மா, “நீங்கதானே இது!” என்று ஆசையாகக் கிட்டே வந்தார். சித்தி பூட்டிய அறையைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மா மகளின் பையை மறுபடியும் ஆட்டோவில் வைத்தார்.

அடுத்து வந்த அப்பா பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, “அப்படி இறுக்கிப் பிடிச்சதாலதாங்க நீங்க அவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கீங்க” என்றார்.

“அந்த உயரத்துக்கு லிஃப்ட் இருக்குங்க. இவங்க யாரும் தூக்கிவிடல.”

“என் பொண்ணு சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குறா. இவளுக்கு ஒரு பூட்டு இருக்குறது நல்லதுதான்.”

அவர் மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சித்தியின் முகம் கறுத்துவிட்டது. தன் கதையைச் சொல்லித் தடுக்கப்போய், அதே கதையால் ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டாள்.

விஷயம் உள்ளே எட்டியதும் பழைய வார்டன் வெளியே வந்தார். இப்போது அவர்தான் பிரின்சிபால்.

“இன்னும் அடங்கலையா நீ?”

“இல்லைங்க மேடம்.”

“படத்தை எடுக்கச் சொல்லிட்டேன். அதானே வேணும்? கிளம்பு.”

வாட்ச்மேன் ஏணி வைத்து ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். பேனர் சரிந்து தரையில் விழுந்தது.

“அந்த ரூமுக்கு இப்பவும் வெளியிலதான் பூட்டா?” என்று சித்தி கேட்டாள்.

“அதெல்லாம் ஸ்கூல் விஷயம். வெளியாளுக்குச் சொல்ல வேண்டியதில்ல.”

“வெளியாளா? இப்ப வரைக்கும் உங்களால உருவானவள்னு தொங்கவிட்டிருந்தீங்களே!”

பிரின்சிபால் உள்ளே போய், கேட்டைச் சாத்தச் சொன்னார். அட்மிஷன் நாளில் கேட்டை எப்படிச் சாத்துவது என்று வாட்ச்மேன் விழித்தார்.

“எடுத்துட்டாங்கல்ல சித்தி, போலாம்” என்றேன்.

அவள் அசையவில்லை. உள்ளே போன அப்பாவும் பெண்ணும் இன்னும் வெளியே வரவில்லை. இன்னொரு கார் திரும்பி வாசலுக்கு வந்தது. சித்தி அதன் ஜன்னலுக்குப் போனாள். மேலே படம் இல்லாததால், தான் யார் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல ஆரம்பித்தாள்.