ஹெட்லைற்றுக்குப் பின்னால் ஒரு கை

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்தரை மணிக்கு, முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில், என் வலது கை மோட்டார் சைக்கிளுக்குள் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டு வரை உள்ளே. மிச்சம் நான் வெளியே.

ஒரு மனிதன் எப்படி இந்த நிலைக்கு வந்து சேருகிறான்? காலையிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

என்னிடம் இருப்பது ஒரு டூரிங் பைக். நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட வாகனம். நான் அதில் போன ஆகக் கூடிய தூரம் கிளிநொச்சியிலிருந்து வவுனியா. முன்பக்கம் பெரிய பிளாஸ்ரிக் கவசம், அதற்குள் இரண்டு ஹெட்லைற். இரண்டும் எரிந்தால் எதிரே வருகிறவர்கள் ஏதோ வான் வண்டி என்று நினைத்து ஒதுங்குவார்கள். பக்கத்தில் வந்த பிறகு என்னைப் பார்த்து அவர்கள் முகம் போகிற போக்கு... அதற்கு நான் பழகிவிட்டேன்.

இடது பக்க பல்ப் ஒரு மாதத்துக்கு முன் எரிந்துபோனது. ஒன்றை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் இணையத்தில் ஒருவர், பல்ப்புகளைச் சோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று இருபது நிமிடம் விளக்கியிருந்தார். இருபது நிமிடம் பேசுகிறவர் பொய் சொல்வாரா? நான் இரண்டு வாங்கினேன்.

ஞாயிறு காலை, பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன். கை கழுவினேன். நன்றாகக் கழுவினேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

கவசத்தைக் கழற்ற பதினான்கு ஸ்குரூ. வேலை முடிய இரண்டரை மணித்தியாலம். திரும்பப் பூட்டியபோது ஒரு ஸ்குரூ மிஞ்சியது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டேன். இரண்டு லைற்றும் எரிந்தன. பழைய பல்ப்புகளைப் புதியவை வந்த பெட்டிகளுக்குள் போட்டு, பைக்கின் பக்கப் பெட்டிக்குள் வைத்தேன். ஒன்று செத்தது, மற்றது நல்லது. எது எதுவென்று எழுதி வைத்தேனா? இல்லை.

பதினொரு மணிக்கு நானும் மனைவி வசந்தியும் புறப்பட்டோம். வசந்தியின் சிநேகிதி ஜெசிந்தாவின் மகளுக்கு அன்றைக்கு முதல் நன்மை, முதன்முறை நற்கருணை வாங்கும் நாள். கோயிலில் பூசை காலையிலேயே முடிந்துவிட்டது. வீட்டில் மத்தியானச் சாப்பாடு. போகும் வழி முழுக்க, நல்ல வெயிலில், இரண்டு லைற்றையும் எரியவிட்டே போனேன். செய்த வேலையை நாலு பேர் பார்க்க வேண்டாமா?

சாப்பாடு, கேக், படம் எடுப்பு எல்லாம் முடிந்து விருந்தினர் கலைந்தார்கள். வசந்தியும் ஜெசிந்தாவும் கதைத்து முடிக்க ஐந்து மணி தாண்டிவிட்டது. "அப்ப போட்டு வாறம்" என்று சொல்லி நான் பைக்கை ஸ்டார்ட் செய்தேன்.

இடது லைற் எரியவில்லை. வலது எரிந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அதுவும் நின்றது.

வசந்தி ஹெல்மெற்றைப் போட்டபடி பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டும் புதுசெல்லே?"

"ஓம்."

"காலமைதானே போட்டனீங்கள்?"

"ஓம்."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி கோபித்தால் பேசுவதில்லை... கேட்பதை நிறுத்திவிடுவாள்.

நிலைமை இதுதான். திங்கள் காலை ஆறரை மணிக்கு வசந்தி தர்மபுரத்தில் ஒரு பரீட்சை மண்டபத்தில் நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் பிந்தினால் பிள்ளைகள் காத்திருப்பார்கள். அவளுடைய கடிதமும் அடையாள அட்டையும் கிளிநொச்சி வீட்டில். கடைசி பஸ் போய்விட்டது. விருந்துக்கு வாகனத்தில் வந்தவர்களும் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, கராஜ் எல்லாம் பூட்டு.

"இஞ்சை படுத்திட்டு விடியப் போங்கோவன்" என்றார் அன்ரன். ஜெசிந்தாவின் கணவர். கடற்தொழில். ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்குமேல் பேசாத மனிதர்.

"விடிய அஞ்சு மணிக்கும் இருட்டுத்தானே அன்ரன்" என்றாள் வசந்தி.

இருட்டில், நாங்கள் திரும்ப வேண்டிய பரந்தன் வீதி யாருடையது என்று இந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். மாடுகளுடையது. பகல் வெயிலில் சூடேறிய தாரில் வரிசையாகப் படுத்திருக்கும். ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்க்கும். எழும்பாது. லைற் இல்லாமல் அந்த வீதியில் போக முடியாது.

பழைய பல்ப்புகளில் ஒன்று நல்லது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எடுத்தேன். ஆனால் கவசத்தின் ஸ்குரூ கழற்றும் கருவி வீட்டுக் குசினி யன்னலில். கழற்றாமல் செய்ய ஒரே வழி, கீழிருந்து கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், தடவியே உள்ளே இருப்பதைக் கழற்றி நல்லதைப் போடுவது.

அப்படித்தான் என் கை உள்ளே போனது. கட்டியிருந்த மணிக்கூட்டோடு போனதால் திரும்பி வரவில்லை.

ஜெசிந்தா சவர்க்காரத் தண்ணி கொண்டுவந்து என் மணிக்கட்டில் ஊற்றினார். இறுகிய காப்பைக் கழற்றுவதுபோல் வசந்தி இழுத்தாள். கை வந்தது. கொஞ்சத் தோல் உள்ளே நின்றுவிட்டது.

அடுத்து வசந்தி முயன்றாள். விரல் மூட்டுகளோடு கை நின்றது. "ஒரு கம்பி தட்டுப்படுது. அதுக்கங்காலை போகேல்லை."

நான் அன்ரனைப் பார்த்தேன். அவர் இரண்டடி பின்னுக்குப் போனார்.

"எனக்கு மோட்டச்சைக்கிள் சரிவராது அண்ணை."

சரிவராதுதான். அந்த வீட்டில் மோட்டார் சைக்கிளே கிடையாது. அன்ரன் கடற்கரைக்குப் போவதும் சந்தைக்குப் போவதும் சைக்கிளில். உடம்புக்கு நல்லதென்று மிதிக்கிறார் என நான் நினைத்திருந்தேன்.

"தள்ளுங்கோ அக்கா" என்றார் ஜெசிந்தா. "நான் ஒருக்கால் பாக்கிறன்."

சொல்லிவிட்டு இடது கைச் சட்டையை மேலே மடித்தார். அந்தக் கையில் சின்ன விரலும் மோதிர விரலும் இல்லை. அடியோடு இல்லை. சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் எங்கள் கூடாரமும் அவர்கள் கூடாரமும் பக்கத்துப் பக்கத்தில். அந்தக் கையை அன்றிலிருந்தே தெரியும். எப்படிப் போனதென்று நான் கேட்டதில்லை, வசந்தியும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்க மாட்டோம். ஷெல்லாக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம். கேட்காமல் விட்டதை மரியாதை என்று வேறு எண்ணிக்கொள்வோம்.

பைக்குக்குக் கிட்ட வந்தவர் நின்றார்.

"முதல்லை திறப்பைத் தாங்கோ அண்ணை."

"எஞ்சின் ஓவ்விலைதான் இருக்கு, ஜெசிந்தா."

"ஓவ் எண்டால் காணாது. திறப்பு வெளியிலை வரவேணும்."

பைக் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் வசந்தியின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். "நான் சொல்லுமட்டும் இவரிட்டைக் குடுக்காதேங்கோ அக்கா."

எனக்குக் கொஞ்சம் சுட்டது. பல்ப் மாற்றுவதற்கு இவ்வளவு பாதுகாப்பா? ஆனால் மணிக்கட்டில் தோல் போன ஆள் அதிகம் பேசக்கூடாது.

இரண்டு பழைய பல்ப்புகளையும் அவர் மேற்கு வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்றில் உள்ளே இழை அறுந்திருந்தது. மற்றதில் முழுசாக இருந்தது. இதற்குள் வசந்தி வெற்றுப் பெட்டியைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை. எழுத்து இருந்தால் வாசித்தே தீருவாள்.

"இதிலை ஒரு விரல் கீறி, அதுக்குக் குறுக்காலை கோடு போட்டிருக்கு."

"அது என்ன?"

"கண்ணாடியிலை விரல் படக்கூடாதாம். எண்ணெய் பட்டால் சூட்டிலை பல்ப் போயிடுமாம்." என்னைப் பார்த்தாள். "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

என்ன சாப்பிட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். சமைத்தவளே அவள்தான்.

ஜெசிந்தா பெட்டியை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார். வெட்டுப்பட்ட விரல்.

"எனக்குப் பிரச்சினையில்லை. ரெண்டை ஏற்கனவே வெட்டியாச்சு."

சிரிப்பதா, சிரிக்காமல் இருப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவரே முதலில் சிரித்தார். அதன்பிறகு நாங்களும் சிரித்தோம். அன்ரன் சிரிக்கவில்லை.

கையைக் கழுவித் துடைத்து, சுத்தமான லேஞ்சித் துணியால் பல்ப்பையும் துடைத்துச் சுற்றி வைத்துக்கொண்டு, ஜெசிந்தா நிலத்தில் இருந்தார். இடது கை உள்ளே போனது. எங்களுக்கெல்லாம் முட்டிய அந்தக் கம்பியைத் தாண்டிப் போனது. அன்ரன் போனில் ரோச் அடித்துக்கொண்டிருந்தார்.

"றப்பர் மூடி வந்திட்டுது... கிளிப் ஒண்டு இருக்கு... கழண்டிட்டுது."

திடீரென்று வெளிச்சம் ஆடத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். அன்ரன் முகத்தை மதில் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

"இஞ்சேருங்கோ, லைற்றை ஆட்டாதேங்கோ" என்றார் ஜெசிந்தா. அதட்டலில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையோடு பேசுவதுபோன்ற குரல். "திறப்பு வசந்தியக்காவிட்டை இருக்கு. பாத்தனீங்கள்தானே?"

நான் போனை அன்ரனிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

வசந்திதான் கேட்டாள். இத்தனை வருடத்தில் முதற்தடவை.

"ஜெசி... இது ஷெல் இல்லையோ?"

"ஷெல்லோ? இல்லையக்கா. மோட்டச்சைக்கிள் செயின்."

கை உள்ளே இருக்க, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு அவர் சொன்னார். கலியாணம் முடித்த புதிது. அன்ரனிடம் அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒரு சனிக்கிழமை அன்ரன் அதைப் பெரிய ஸ்ராண்டில் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் பிடித்துத் துடைக்கச் சொன்னாராம். அப்படித்தான் எல்லோரும் துடைப்பார்கள். துணி செயினுக்குள் போனது. துணியோடு கையும் போனது.

"ஒரு நிமிசமும் இல்லை. இவர் திறப்பை நிப்பாட்ட ஓடிவந்தவர்தான். அதுக்குள்ளை முடிஞ்சுது."

"ஏன் ஜெசி ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையேக்கா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். முகாமிலை பதிய வந்தவையும் கையைப் பாத்தவுடனை தாங்களே ஷெல் எண்டு எழுதிச்சினம். சனமும் அப்பிடியே நினைச்சுது. நான் மறந்திட்டன். இவர்தான் இன்னும் மறக்கேல்லை."

அன்ரன் மதிலைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆக்கள் ஷெல் எண்டு சொல்லேக்கை நான் வாயைத் திறக்கேல்லை. அது பிழை."

அவ்வளவுதான். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

கடற்கரைக்கும் சந்தைக்கும் சைக்கிள் மிதிக்கிற மனிதரை உடற்பயிற்சிக்காரர் என்று நினைத்தவன் நான். மற்றவர்களின் கதையை நாங்கள் எவ்வளவு சுகமாக எழுதி முடித்துவிடுகிறோம். அதுவும் அவர்களைக் கேட்காமலே. பரிதாபத்தோடு எழுதுகிறோம் என்பதற்காக அது உண்மையாகிவிடுமா? எல்லோரும் ஷெல்லுக்காக ஜெசிந்தாவைப் பார்த்து இரக்கப்பட்டபோதெல்லாம், பக்கத்தில் நின்ற இந்த மனிதர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்? நான் ஒருநாளும் கவனிக்கவில்லை.

"பல்ப்பும் கிளிப்பும் பூட்டியாச்சு. பிளக்கும் கொழுவியாச்சு" என்றார் ஜெசிந்தா. கையை வெளியே எடுத்து, விரல்களை விரித்து, மூன்றும் இருப்பதை அன்ரனுக்குக் காட்டினார். பிறகு வசந்திக்குத் தலையாட்டினார். திறப்பு என் கைக்கு வந்தது.

திருப்பினேன். வலது லைற் எரிந்தது. மதிலில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது.

"காணும்" என்றாள் வசந்தி. "ஒண்டு போதும்."

ஆறு மணிக்குப் புறப்பட்டோம். நாற்பதுக்குமேல் ஓடவில்லை. புதுக்குடியிருப்பு தாண்ட இருட்டிவிட்டது. பின்னாலிருந்து வசந்தி வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிற குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். "மாடு... மாடு... ரெண்டு மாடு... இது கல்லு." விசுவமடுவுக்குக் கிட்ட ஒரு கன்று நடுவீதியில் நின்றது. அந்த ஒற்றை வெளிச்சத்தில் அதன் கண் மின்னியதால்தான் எனக்குத் தெரிந்தது. பிரேக் பிடித்தேன். அது யோசித்துவிட்டு விலகியது. நாங்கள் ஒரு நிமிடம் அப்படியே நின்றோம். யாருடைய கை அந்த வெளிச்சத்தைப் போட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏழே முக்காலுக்கு வீடு. அடுத்த நாள் வசந்தி ஆறேகாலுக்கே மண்டபத்தில் நின்றாள்.

இதை எழுதலாமா என்று கேட்க நேற்று ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்தேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுவதென்று தீர்மானம்.

"எழுதுங்கோ அண்ணை" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "ஒண்டு மட்டும். இவர் துடைக்கச் சொன்னவர் எண்டு போடாதேங்கோ. நானா விருப்பப்பட்டுத் துடைச்சனான் எண்டு போடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மறுபக்கம் போன் கைமாறும் சத்தம்.

"அண்ணை, நான் அன்ரன். நான்தான் சொன்னனான். அப்பிடியே எழுதுங்கோ."

எழுதிவிட்டேன், அன்ரன்.