ஐந்து ரூபாய் பிஸ்கட்டில் வரி எங்கே இருக்கிறது?

பிஸ்கட் விற்கிறவனுக்கு நாக்கில் இனிப்பு இருந்தால் போதாது, தோலும் கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். ஒரு ஏஜென்சியின் வேனில் பேட்டை, டவுண், பாளையங்கோட்டை என்று கடை கடையாகச் சரக்குப் போடுவது என் பிழைப்பு. விலையைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தபடி பையைத் தடவியிருக்கும் உங்களுக்கு, இந்தக் கதைகள் அந்நியமாகத் தோன்றாது.

ஏறாத விலை

வரி கூடிய சமயம். ஐந்து ரூபாய் பாக்கெட்டை ஆறு ரூபாய் ஆக்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்று கம்பெனிக்குத் தெரியும். அதனால் விலையைத் தொடாமல் எடையைக் குறைத்துவிட்டார்கள். எனக்கே யாரும் சொல்லவில்லை.

பேட்டையில் டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய்க்குக் கைதான் தராசு. பாக்கெட்டை வாங்கியதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றைப் பிரித்து மேசையில் அடுக்கினார். வழக்கமாக எட்டு இருக்கும், ஏழுதான் இருந்தது. “ஒண்ணை நீ தின்னுட்டியால?” என்றார். அசடு வழிய, வரி கூடிய விவரத்தைச் சொன்னேன். பாய்க்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

“விலையை ஏத்தலைன்னு பெருமையா போர்டு வைக்கான், வரியை நம்ம வாய்க்குள்ள இருந்துல்லா பிடுங்கியிருக்கான்!”

இறங்கிய வரி

சில வருஷம் கழித்து வரி குறைந்தது. மறுநாள் காலையில் டவுணில் ஒரு மளிகைக்கடைக்குப் போனேன். கையில் செய்தித்தாளோடு ஒரு அம்மா கடைக்கார அண்ணாச்சியிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். பாக்கெட்டில் பழைய விலைதான் அச்சாகியிருந்தது. என்னைக் கண்டதும் அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. “அந்தா வந்துட்டான், அவன்கிட்ட கேளுங்க” என்று கைகாட்டிவிட்டார். “இது பழைய வரி கட்டி வந்த சரக்கும்மா, தீரட்டும்” என்றேன் பைய. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

“ஏறுனா மட்டும் பழைய சரக்குக்கும் அன்னைக்கே புது விலை சொல்லுதிய, இறங்குனா பழைய சரக்கு தீரணுமாக்கும்?”

நாலரை ரூபாய்

கொஞ்ச நாள் எங்கள் பாக்கெட் நாலரை ரூபாய்க்கு வந்தது. மிச்சம் கொடுக்க ஐம்பது பைசாவுக்கு எங்கே போவது? கடைக்காரர்கள் மிட்டாயை நீட்டினார்கள். பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகக் குமாஸ்தா என்னை மறித்துக்கொண்டார்.

“எனக்குச் சர்க்கரை வியாதிவே. ஒண்ணு வாங்குனா மிட்டாய் தாரான், ரெண்டு வாங்குனா சில்லறை சரியாப் போகுது, பிஸ்கட்டு கூடுது. வரியைக் குறைச்சு என்னைக் கொல்லப் பாக்கியளா?”

ஜெபமாலை அக்கா

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அருகே பெட்டிக்கடை. வரி குறைவதற்கு முந்தின வாரம்தான், என் பேச்சைக் கேட்டு நிறையச் சரக்கு எடுத்திருந்தார். அடுத்த முறை போனபோது அக்காவின் முகமே சரியில்லை. பழைய சரக்கைப் புது விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார். “எதுத்த கடைக்காரன் குறைச்சுட்டான். நான் குறைக்கலைன்னா பிள்ளைய எல்லாம் அங்கன போயிருமே தம்பி” என்றார். ஒரு பாக்கெட்டிலும் அவருக்கு லாபம் இல்லை. அதிகம் எடுக்கச் சொன்னவன் நான்.

அக்காவின் நஷ்டத்துக்கு வழி கேட்டு ஏஜென்சி முதலாளியிடம் போய் நின்றேன். கம்பெனி எழுத்தில் ஒன்றும் தரவில்லை என்றார். மறுநாளும் நின்றேன், அதற்கு மறுநாளும் நின்றேன். இரண்டு வாரம் என் முகத்தைப் பார்த்துச் சலித்தாரோ என்னவோ, நஷ்டத்துக்கு ஈடாக மிட்டாய்ச் சரக்காகவே கொடுக்கச் சொல்லிவிட்டார். அன்று வேனை நானே ஓட்டிக்கொண்டு பறந்தேன். மிட்டாய் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நின்ற என்னை, அக்கா வாசலிலேயே நிறுத்தினார். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இந்த மிட்டாய்க்கு இப்ப என்ன வரின்னு முதல்ல சொல்லு, பெறவு இறக்கி வை!”

வரியைக் கட்டுவது கம்பெனி, கொடுப்பது நீங்கள், விளக்கம் சொல்ல மட்டும் நான் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து பிரித்து வைத்திருக்கிறார்கள்.