வசந்தத்துக்கு எந்தச் சமயம்?

உங்கள் பெயரை ஒருவன் கேட்கிறான். நீங்கள் சொல்லி வாய் மூடுமுன் உங்கள் சமயம், சாதி, ஊர், நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்பது வரை எல்லாவற்றையும் அவன் மனதுக்குள் எழுதி முடித்துவிடுகிறான். உங்களுக்குக் கோபம் வருமா, வராதா? வரும் என்பீர்கள். நல்லது. அப்படியானால் இதே காரியத்தை நீங்கள் கடைசியாக யாருக்குச் செய்தீர்கள்?

சந்திரவதனா அதைச் செய்தது 1994ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கறுப்புப் பேனையால்.

அவள் கெட்டவள் அல்லள். பார்க்டேல் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில் கணவர் குலசிங்கத்தோடு குடியிருந்தாள். ரொறன்ரோ நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டலின் நிலக்கீழ்ச் சலவைப் பகுதியில் வேலை. கனடாவுக்கு வருமுன் யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஒன்பது வருடம் லிகிதராக எழுத்துவேலை பார்த்தவள். வெறும் கட்டங்களோடு ஒரு படிவத்தைக் கண்டால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். சலவைப் பகுதியில் யாருக்கு வரிப் படிவம் வந்தாலும், பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவம் வந்தாலும் அது அவளிடம்தான் வரும். அடித்தல் திருத்தல் இல்லாமல், பெரிய எழுத்தில், முத்து முத்தாக நிரப்பிக் கொடுப்பாள்.

"சந்திராக்கா நிரப்பினா அரசாங்கம் வாய் திறக்காது" என்று துணி அழுத்தும் இயந்திரத்தில் நிற்கும் மங்கையற்கரசி ஊரெல்லாம் சொல்லித் திரிவாள்.

நெர்மினா அதற்கு முந்திய வருடம் பொஸ்னியாவிலிருந்து வந்தவள். கட்டில் விரிப்பு மடிப்பதில் சந்திரவதனாவுக்குச் சோடி. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, விலகி நின்று உதறி, கிட்ட வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். இயந்திர இரைச்சலில் விலகி நின்றால் ஒன்றும் கேட்காது. கிட்ட வரும் கணத்தில் ஒரு வசனம் சொல்லலாம். இப்படி ஒரு விரிப்புக்கு ஒரு வசனமாக, எளிய ஆங்கிலத்தில், ஒருத்தியின் போரை மற்றவள் முழுதாகக் கேட்டு முடித்திருந்தாள்.

நெர்மினாவுக்கு ஒரே தங்கை. கணவனைப் போரில் இழந்து, நாலு வயது மகளோடு சாக்ரெப் நகருக்கு வெளியே ஓர் அகதி முகாமில் இருந்தாள். அடுத்த மாரிக் குளிருக்குள் முகாமை மூடப்போவதாகப் பேச்சு. அதன்பின் எங்கே போவது என்று அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அக்காள் கனடாவிலிருந்து ஸ்பொன்சர் செய்தால் வரலாம். படிவம் சந்திரவதனாவின் கைக்கு வந்தது.

நெர்மினாவின் சமயம்: இஸ்லாம். அது அவளே எப்போதோ சொன்னது. அடுத்த பக்கத்தில் தங்கையின் பெயர்: வெஸ்னா. அதற்குக் கீழே சமயத்துக்கு ஒரு கட்டம். பேனை ஒரு கணம் நின்றது. ஹோட்டல் சமையலறையிலும் ஒரு வெஸ்னா இருந்தாள். செர்பியப் பெண், கழுத்தில் சிலுவை. ஆக வெஸ்னா என்றால் கிறிஸ்தவப் பெயர். இந்தத் தங்கை கலியாணம் கட்டி மாறியிருப்பாள், பெயரையும் மாற்றியிருப்பாள். எங்கள் ஊரில் நடக்காததா? கேட்டால் நெர்மினாவின் மனம் நோகும். கேட்காமல் விடுவதே மரியாதை. சந்திரவதனா ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவம் என்று அழகாக எழுதினாள். நெர்மினா நம்பிக் கையெழுத்து வைத்தாள்.

யோசித்துப் பாருங்கள். கொழும்பில் பஸ்ஸை மறித்த சிப்பாய் அடையாள அட்டையில் பெயரை மட்டும் வாசித்துவிட்டு இதே சந்திரவதனாவைக் கீழே இறக்கியிருக்கிறான். மூன்று மணித்தியாலம் வெயிலில் நிறுத்தியிருக்கிறான். அந்த அநியாயத்தைப் பட்டவள் அந்தச் சிப்பாயின் முறையையே கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தாள். நாங்கள் எல்லோரும்தான் கொண்டுவந்தோம்.

ஓகஸ்ட் மாதம் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பக்காரி முஸ்லிம், தங்கை எனப்படுபவர் கிறிஸ்தவர், பெயர்களும் இரண்டு வெவ்வேறு சமூகங்களைக் காட்டுகின்றன, பிறப்புப் பதிவும் இல்லை. இவர்கள் ஒரு தாய் தகப்பனின் பிள்ளைகள் என்பதை முப்பது நாளுக்குள் நிறுவாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

பிறப்புப் பதிவுக்கு எங்கே போவது? அவர்களுடைய நகரத்துப் பதிவகம் கூரையோடு எரிந்துபோயிருந்தது.

சந்திரவதனா கடிதத்தை இரண்டாம் முறையும் வாசித்தாள். ஐந்து மாதத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டாள்.

"நெர்மினா, உன் தங்கை எந்தச் சமயம்?"

"வெஸ்னாவா?" நெர்மினா விழித்தாள். "அவள் ஏப்ரலில் பிறந்தவள்."

"அதில்லை. பெயர்... கிறிஸ்தவப் பெயர்தானே?"

"வெஸ்னா என்றால் வசந்தம். எங்கள் பழைய சிலாவ் மொழிச் சொல். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அவர் பெயர் என்வெர். அது அரபுச் சொல், பேரொளி என்று அர்த்தம். தங்கை பிறந்த அன்று யன்னலுக்கு வெளியே பிளம் மரமெல்லாம் பூ. அப்பா வெஸ்னா என்று வைத்தார். என் பெயரை வைத்தது அம்மா. நெர்மினா பாரசீகத்திலிருந்து வந்தது. மென்மையானவள்." விரிப்புத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கையைக் காட்டிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "வசந்தத்துக்கு எந்தச் சமயம், சந்திரா? நீ என்ன எழுதினாய்?"

சந்திரவதனா சொன்னாள். அன்று பின்னேரம் முழுவதும் விரிப்புகள் மடிந்தன, ஒரு வசனமும் இல்லை.

மறுநாள் சந்திரவதனா நாற்பது தாள் கொப்பி ஒன்றோடு வேலைக்கு வந்தாள். கட்டங்கள் கீறியிருந்தாள்: பெயர், அர்த்தம், எந்த மொழி, யார் வைத்தது, கூடப் பிறந்தவர்களின் பெயர். பெயரை வைத்துத்தானே பிரித்தார்கள்? பெயரை வைத்தே சேர்த்துக் காட்டுகிறேன் என்று நெர்மினாவிடம் சொன்னாள். நெர்மினா கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொய்லர் அறையில் யஸ்மின் இருக்கிறான். அவனிடம் தொடங்கு" என்றாள்.

யஸ்மின் ஆறடி உயரம், இரும்புக் கம்பி போல மீசை. பெயரின் அர்த்தம் மல்லிகை, பாரசீகத்திலிருந்து வந்தது. பொஸ்னியாவில் ஆண்களும் அந்தப் பெயரை வைப்பார்களாம். மங்கையற்கரசி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அக்கா, மீசை வைச்ச மல்லிகைப்பூ! உவரை எந்தக் கொண்டையிலை வைக்கிறது?"

"வாயை மூடடி, அவருக்கு விளங்கப்போகுது."

"விளங்கட்டும். எங்கடை ஊரிலை புஷ்பராசா எண்டு ஆம்பிளையள் இல்லையே?"

அவள் பகிடியாகச் சொன்னது சந்திரவதனாவுக்குச் சுளீரென்று உறைத்தது. உண்மைதானே! பெயர்கள் எங்கும் ஒரே பாதையில்தான் நடக்கின்றன. யஸ்மினின் அக்காள் பெயர் ஸ்லாத்தா. பொன், சிலாவ் மொழி. எங்கள் பொன்னம்மாதான். தகப்பன் ஒரே ஆள், பள்ளிவாசலும் ஒன்று. பிள்ளைகளில் ஒருவனுக்குப் பாரசீகப் பூ, ஒருத்திக்குச் சிலாவ் பொன். கொப்பியில் முதல் வரி நிறைந்தது.

அதன்பின் அவளைப் பிடிக்க முடியவில்லை. சனி ஞாயிறுகளில் நெர்மினாவோடு பஸ் ஏறி, பொஸ்னியக் குடும்பங்கள் இருந்த அடுக்குமாடிகளில் கதவு கதவாகத் தட்டினாள். பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் இறுகிய கோப்பி வந்தது. பெயர்களும் வந்தன. ஓரிடத்தில் ஃபிக்ரெத், கோரான் என்று இரு சகோதரர்: ஒன்று அரபு, சிந்தனை, மற்றது சிலாவ், மலை. இன்னோரிடத்தில் தாய் கத்தோலிக்கர், தகப்பன் முஸ்லிம். சண்டை வேண்டாமென்று மகளுக்கு நாடா என்று வைத்திருந்தார்கள். நம்பிக்கை என்று அர்த்தம். டாமிர் என்ற ஒருவரின் வீட்டில் பெரும் வாக்குவாதம். அது 'சமாதானம் தா' என்பதிலிருந்து வந்தது என்றார் அவர். துருக்கியில் இரும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றார் தம்பி. சந்திரவதனா இரண்டையும் எழுதினாள். எழுத எழுத அவளுக்குக் காய்ச்சல் போல ஒரு சந்தோசம். இரத்தத்தில் எழுதியதென்று எந்தப் பெயரைச் சொல்லிக் கொலை செய்தார்களோ, அந்தப் பெயர் அரபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் நடந்து வந்து ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறது! இங்கே அவளுடைய சொந்தக்காரர்களோ, எண்சாத்திரக்காரன் கூட்டிப் பெருக்கிச் சொன்னான் என்று எந்த அகராதியிலும் இல்லாத ஓசைகளைப் பிள்ளைகளுக்குச் சூட்டிக்கொண்டிருந்தார்கள்.

மிஞ்சியது சமையலறை வெஸ்னா. அவளும் நெர்மினாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஏன் என்று ஹோட்டலில் ஒருவரும் கேட்டதில்லை, அங்கே செர்பியரும் முஸ்லிம்களும் போரில் எதிரெதிரே நின்றது எல்லோருக்கும் தெரியும். சந்திரவதனா கொப்பியோடு தனியே போய் நின்றாள். வெஸ்னா கறட் சீவிக்கொண்டே கேட்டாள். கடிதத்தின் கதையைக் கேட்டதும் கத்தியை வைத்தாள்.

"கிறிஸ்தவப் பெயரா? எனக்கு ஞானஸ்நானம் தந்த பாதிரியார் இந்தப் பெயரில் புனிதர் யாரும் இல்லை என்று முறுமுறுத்தாராம். என் அப்பாவின் அப்பா வூக். வூக் என்றால் ஓநாய். அவருக்கு முன் பிறந்த மூன்றும் செத்துப்போயின. ஓநாய் என்றால் சூனியக்காரி கிட்ட வரமாட்டாள் என்று வைத்தார்கள்."

"எங்கடை ஆக்களும் அப்பிடித்தான்" என்று சந்திரவதனா தன்னை மறந்து தமிழில் கத்தி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். "நாங்கள் குப்பை என்று வைப்போம். பிச்சை என்று வைப்போம். யமனுக்கு வேண்டாத பொருளாகட்டும் என்று."

இரண்டு தேசத்து மூடநம்பிக்கைகளும் கைகுலுக்கிக்கொண்டன. பாவம், அவற்றுக்குப் பின்னால் நின்றது பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்தான்.

"என் பெயர் எந்தத் தேவாலயத்துக்கும் சொந்தமில்லை. தாள் கொண்டு வா, எழுதித் தருகிறேன்" என்றாள் வெஸ்னா. எழுதிக் கையெழுத்திட்ட தாளைச் சந்திரவதனாவிடம் கொடுக்கவில்லை. தானே சலவைப் பகுதிக்கு இறங்கிவந்து, விரிப்பு மேசையில், நெர்மினாவின் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

கொப்பியில் பதினொரு குடும்பங்கள் தேறின. எல்லாம் கூடப்பிறந்தவர்கள், எல்லாம் வெவ்வேறு மொழிப் பெயர்கள், எல்லோரையும் கனடா ஏற்கெனவே கூடப்பிறந்தவர்கள் என்று ஏற்றுக் கடிதம் கொடுத்திருந்தது. அந்தக் கடிதங்களின் பிரதிகளும் சேர்ந்தன. இன்னும் ஒன்றுதான் குறைவு: அந்தக் கட்டத்தில் அப்படி எழுதியது யார், ஏன் எழுதினார் என்று சத்தியக் கடதாசியில் ஒரு வாக்குமூலம்.

கணவனும் மனைவியும் கனடாக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். குலசிங்கம் பதறினார். "இஞ்சரும், உமக்கென்ன விசரே? அடுத்த மாசம் சிற்றிசன் சோதினை. அரசாங்கப் படிவத்திலை பிழையா எழுதினது நான்தான் எண்டு கையெழுத்து வைச்சுக் குடுக்கப் போறீரோ?"

"ஓம், குடுக்கத்தான் போறன்."

"தான்தான் மாறி எழுதினது எண்டு நெர்மினாவே சொல்லட்டுமன்."

"அவள் எழுதேல்லை, நான் எழுதினனான். இஞ்சாருங்கோ, ஒரு தாயும் நாலு வயசுப் பிள்ளையும் என்ரை எழுத்தாலை தெருவிலை நிக்கப் போகினம். அதுக்குப் பிறகு எனக்குச் சிற்றிசன் என்னத்துக்கு?"

குலசிங்கம் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பிறகு எழும்பிப் போய்ச் சத்தியக் கடதாசி எழுதும் இடத்தின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்தார். "காலமை நானும் வாறன்" என்றார்.

இருபத்தெட்டாம் நாள் சந்திரவதனாவும் நெர்மினாவும் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் போனார்கள். அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். சத்தியக் கடதாசியை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவரிடம் கேட்காமலே எழுதினீர்களா?"

"ஓம். பெயரைப் பார்த்து."

"ஏன்?"

"எங்கள் நாட்டில் பெயரைப் பார்த்தே எல்லாம் தீர்மானிப்பார்கள். நானும் பழகிவிட்டேன். நீங்களும் இந்தக் கடிதத்தில் பெயரைத்தான் பார்த்திருக்கிறீர்கள், அம்மா." சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று சந்திரவதனா நினைத்துப் பார்த்தாள்.

அதிகாரி கொப்பியைப் புரட்டினார். ஒவ்வொரு வரியிலும் விரல் ஓடியது. ஓரிடத்தில் நின்று, "ஆணுக்கு மல்லிகையா?" என்றார். "ஆறடி" என்றாள் நெர்மினா. பதினொரு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு அதிகாரி உள்ளே போனார்.

நொவெம்பரில் அனுமதி வந்தது. ஜனவரியில், விமானநிலையத்தில், நெர்மினா தடுப்புக் கம்பிக்கு மேலால் பாய்ந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே நெற்றி. ஒருமுறை பார்த்தாலே போதும். சந்திரவதனா குந்தியிருந்து அந்தச் சின்னப் பெண்ணின் கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டாள். தன் குடியுரிமைச் சோதனையிலும் அவள் ஒரு குறையுமில்லாமல் தேறியிருந்தாள்.

இது ஒருத்திக்கு முப்பது நாளில் திருந்திய பிழை. உங்களில் எத்தனையோ பேர் அண்டை அயலுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் படிவங்களின் பிரதிகளை வெளியே எடுங்கள். கேட்காமல் நிரப்பிய கட்டம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மனிதரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், திருத்திக் கடிதம் எழுதுங்கள், கீழே உங்கள் சொந்தப் பெயரைப் போட்டு அனுப்புங்கள்.