கடைசி சீட்டு அம்மா

குடும்பத்துக்குப் பெரிய கார் பார்க்க மகனோடு தாம்பரம் போயிருந்தேன். டீசல்தான் என்று அவன் முடிவு செய்திருந்தான். என்னை யாரும் கேட்கவில்லை; எனக்கும் பேசக் கூச்சம்.

கடை வாசலில் நின்ற டீசல் வண்டியின் கடைசி சீட்டில் ஒரு அம்மா ஏறி உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, பெரிய கம்மல். குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"டீசல்தாம்மா மைலேஜ் குடுக்கும்" என்றான் அவர் மகன்.

"முன்னாடி குந்திகினு மைலேஜ் பேசுற. இந்த ஒதறல்ல பின்னாடி வாந்தி எடுக்கறது நானு. பெட்ரோல் வாங்கு. அதுவரிக்கும் எறங்க மாட்டேன்."

"மானம் போவுதும்மா!"

"போவட்டும்."

பெட்ரோலுக்கு அவன் தலையாட்டிய பிறகுதான் இறங்கினார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைக் கடக்கும்போது, "இன்னாக்கா, உனக்கும் கடைசி சீட்டா?" என்றார். என் எலுமிச்சம்பழம் முந்தானைக்குள் இருந்தது. அவருக்கு எப்படித் தெரிந்ததோ, இன்னும் எனக்கு விளங்கவில்லை.

எழுந்துபோய் அந்தப் பழத்தை என் மகன் கையில் வைத்தேன்.

"கடைசி சீட்டுல நீ உக்காந்து வா. இல்லன்னா பெட்ரோல் வாங்கு."

"உக்காரும்மா, அப்புறம் பேசலாம்" என்றான்.

அவன் பெட்ரோல் என்று சொல்லும்வரை நான் உட்காரவில்லை.