இழுக்காமல், ஓடாமல்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு டாக்ஸி ஓட்ட வந்தவன் நான். சர்ச்சில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாசிப்பு. நாலு பேர் குழுவில் வயோலா என்னுடையது. வயலினைவிடக் கொஞ்சம் பெரிசு, குரல் தணிவு.

நாங்கள் எடுத்தது பழைய ஜெர்மன்காரர் ஒருவர் எழுதியது. அதில் இரண்டாம் பகுதி மெதுவாகப் போகும். முதல் வயலின் பாட்டை வாசிக்க, அடியில் நான் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். நான் வேகம் கூடி ஓடினால் நாலு பேரும் ஓட வேண்டியதுதான். டாக்ஸியில் கிளாவரை மலை ரோட்டில் போகும்போது மூடுபனி இறங்கினால் பயத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும். வாசிக்கும்போது மட்டும் பயம் கையை விரட்டும். மெதுவாக இழுத்தால் வில்லின் நடுக்கம் வெளியே கேட்டுவிடுமே!

அட்டுவம்பட்டியில் டீச்சரம்மா வீட்டில் பயிற்சி. முதல் வயலின் அவர்தான். இரண்டாவது அவர் வீட்டுக்காரர். யார் சொன்னாலும் தலையாட்டுவார். தாளின் தலைப்பில் 'மெதுவாக, ஆனால் இழுக்காமல்' என்று போட்டிருக்கிறதாம். டீச்சரம்மாவுக்கு அதில் முதல் சொல்தான் கண்ணில் படும். செல்லோ வாசிக்கிற பேக்கரிக்காரருக்குக் கடைசிச் சொல்.

"பாட்டுல இது விடைபெறுற இடம்ங்க. வெரசா போகலாமா?" என்பார் டீச்சரம்மா.

"வாசல்லயே நின்னு அழுதா உள்ள கேக் கருகிரும் டீச்சர்." என் பக்கம் திரும்பி, "ஏலே, இழுக்காதன்னுதான் சொன்னேன். தள்ளிட்டுப் போகச் சொல்லல."

கடைசிப் பயிற்சி முடிந்ததும் டீச்சரம்மா தணிந்த குரலில் சொன்னார்: "தம்பி, கச்சேரியிலயும் ஓடுனீங்கன்னா வேற ஆளப் பாக்கணும். கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை. சோறுதான் இறங்கவில்லை. டாக்ஸியில் எல்லாருக்கும் முதுகைக் காட்டித்தான் பிழைப்பு. நாலு பேரோடு முகம் பார்த்து நான் உட்கார்கிற இடம் அது ஒன்றுதான்.

கச்சேரி ஒரு பள்ளிக்கூட ஹாலில். ஜன்னல் வழியே பனி உள்ளே வந்தது. விரல்களை அக்குளில் வைத்துச் சூடாக்கினேன். டீச்சரம்மா பயிற்சியைவிட மெதுவாக எடுத்தார். வில் நடுங்க ஆரம்பித்தது. கேட்டுவிடும், கேட்டுவிடும் என்று நினைக்கும்போதே கை ஓடிவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. செல்லோ வேறு வழியில்லாமல் கூட வந்தது. டீச்சரம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரும் வந்தார். முடிந்தபோது ஹாலில் சத்தமே இல்லை. போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன். பிறகுதான் கைதட்டினார்கள்.

வெளியே டீச்சரம்மா வயலினைத் துடைத்துக்கொண்டே, "விடைபெறுறவங்களப் போக விடாம பின்னாடியே ஓடி வர்ற மாதிரி இருந்துச்சு. நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவையும் இதே வேகம், தம்பி. இதேதான்" என்றார்.

"தள்ளியே கொண்டுபோய்ச் சேத்துட்டியேலே!" என்று பேக்கரிக்காரர் என் முதுகில் தட்டினார்.

சரிங்க என்றேன். எந்த வேகத்தில் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. பயம் எவ்வளவோ அவ்வளவு வேகம். அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? இப்போதெல்லாம் ஆட்கள் இறங்கின பிறகு, ஸ்டியரிங் மேல் விரலால் தட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. அடுத்த கச்சேரி சீசனில்.